வடக்கு நாலாம் கல்லின் வயது

பிப்ரவரி 3, திங்கள்

இந்த நோட்டை என் பேத்தி நிரஞ்சனா இன்று காலையில் கொடுத்தாள். கெட்டி அட்டை, கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் அச்சடித்த நம்பர். எந்தக் கல்லை எந்த நாளில் கழுவினேன், எத்தனை தண்ணீர் மாற்றினேன் என்று இதில் நான் தினமும் எழுத வேண்டுமாம்.

"அவ்வளவுதானா கண்ணு?"

"அதுக்கு மேல உனக்குத் தோணறதை எழுதிக்க அம்மாயி. ஆனா பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பா எழுதிப்போட்டா மை பூசி மறைக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்கோணும், அடியில இருக்கறது படிக்கத் தெரியோணும். பக்கத்துல சரியானதை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடோணும். இன்னொருத்தர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அந்தத் திருத்தம் செல்லும்."

"என்னமோ கிரயப் பத்திரம் எழுதற மாதிரி சொல்றே."

"பத்திரத்தை விட இது பெருசு."

கையெழுத்து என்றால் எனக்கு ஒன்றும் பயமில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், ஐந்து வகுப்பிலும் முதல் மார்க். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் கைநாட்டு. பால் சொசைட்டிக்கும் பேங்குக்கும் நான்தான் போவேன். நாச்சம்மாள் என்று எழுதி, கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை வலது பக்கமாக நீட்டி இழுத்துவிடுவேன். பேங்க் மேனேஜரே ஒரு தடவை, "கலெக்டர் கையெழுத்து மாதிரி இருக்குதுங்க" என்றார்.

நாங்கள் பரமத்தி வேலூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம், காவிரிக்கு வடகரை. நிரு சென்னையில் பி.எச்டி. படிக்கிறாள். பாறைகளுக்கு வயது கண்டுபிடிப்பது அவள் படிப்பு. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கரடுகளில், சின்னப் பாறைக் குன்றுகளில், கல் எடுக்க வேண்டும், நாலு மாதம் தங்க வேண்டும் என்றாள். பெண்பிள்ளையைத் தனியாக விட மாட்டேன் என்றார் அவள் அப்பா. நான் துணைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கல்: தெற்கு ஒன்று. தண்ணீர்: பதினோரு தடவை.

ஆற்றுக்குத் தெற்கே எடுத்த கல்லுக்குத் தெற்கு என்றும் வடக்கே எடுத்ததற்கு வடக்கு என்றும் நம்பர். வேலை இதுதான். நிரு சுத்தியலால் கல்லை உடைத்து, இரும்பு உரலில் இடித்து, சல்லடையில் சலித்துத் தருவாள். அந்த மாவை நான் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி அரிக்க வேண்டும். இலேசான மணல் தண்ணீரோடு போய்விடும். கனமானது அடியில் தங்கும். காலேஜில் இதற்கென்று ஒரு ஆட்டுகிற மேசை இருக்கிறதாம், அது ரிப்பேராம். இவள் கையால் ஆட்டிப் பார்த்துப் பாதியைச் சாக்கடையில் விட்டாள். "தள்ளு, இது அரிசி அரிக்கற வேலை" என்று நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரே வித்தியாசம், அறுபது வருசமாக அரிசியை வைத்துக்கொண்டு கல்லை வீசினேன். இப்போது கல்லை வைத்துக்கொண்டு மற்றதை வீசுகிறேன்.

ஐந்து கிலோ கல்லை அரித்தால் கடைசியில் ஒரு தேக்கரண்டி கறுப்பு மணல். அதற்குள்ளேதான் ஜிர்கான் என்ற மணி இருக்கிறதாம். என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கல்: தெற்கு ஒன்று முடிந்தது. பொட்டலம் கட்டினேன்.

பக்கத்து வீட்டுக் கோகிலவாணி தண்ணீர் பிடிக்கும்போது கேட்டாள்: "ஏனுங்மா, உங்க பேத்தி என்னங் பண்ணுது? எந்நேரமும் டொக்கு டொக்குன்னு இடிச்சுக்கிட்டே இருக்குது?"

"கல்லுக்கு வயசு பாக்கறா."

"கல்லுக்கு வயசு பார்த்து என்னங், கல்யாணமா பண்ணப் போறீங்க?"

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன். குடத்தை இறக்கி வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கல் இல்லை. விடுமுறை. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். கோழிக்குழம்பு.

சாப்பிட்டுவிட்டு நிருவைப் பிடித்து உட்கார வைத்தேன். "என்ன செய்யறோம்னு தெரியாம நான் ஆட்ட மாட்டேன். சொல்லு."

தட்டில் இரண்டு அப்பளத்தை வைத்துச் சொன்னாள். இந்த ஆறு ஓடுகிற இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கலாமாம். வடக்கே ஒரு நிலம், தெற்கே ஒரு நிலம். இரண்டும் மெல்ல நகர்ந்து வந்து, நடுவில் இருந்த கடலை விழுங்கி, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. அப்பளம் நொறுங்கி நடுவில் மேடாக நின்றது. அப்படித்தான் இமயமலை மாதிரி ஒரு மலை இங்கே நின்றதாம். அது மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோய், அதன் அடிவயிறு மட்டும்தான் இப்போது நாம் பார்க்கிற கரடுகள். முட்டியபோது தெற்கே இருந்த கல்லெல்லாம் பூமிக்குள் வெந்தது. உருகவில்லை, வெந்தது. வெந்ததில் புது ஜிர்கான் மணிகள் வளர்ந்தன. அதற்கு வயது ஐம்பத்தைந்து கோடி வருசம். வடக்கே இருக்கிற கல் அதற்கும் மூத்தது, இருநூற்றைம்பது கோடி.

"அந்தச் சூடு வடக்க எதுவரைக்கும் போச்சு, அந்தக் காலத்து நிலத்தோட ஓரம் எங்க இருந்துச்சுன்னு தெரியோணும். அதுதான் என்ற கேள்வி."

"வயசை எப்படிச் சொல்றே? அதென்ன சாதகமா எழுதி வெச்சிருக்குது?"

"ஜிர்கான் உண்டாகும்போது உள்ள துளி யுரேனியம் மாட்டிக்கும். அது மெல்ல மெல்ல ஈயமா மாறும். எத்தனை மாறியிருக்குன்னு பார்த்தா வயசு தெரிஞ்சுபோகும்."

எனக்கு விளங்கிவிட்டது. தயிர்ச் சட்டியைத் தொட்டுப் பார்த்து, எப்போது உறை ஊற்றினார்கள் என்று நான் சொல்லிவிடுவேன். அதே கணக்குதான்.

"அம்மாயி! இதை நான் காலேஜ்ல சொல்லுவேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு நோட்டை வாங்கி, கல் நம்பரையும் தேதியையும் மட்டும் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் அடியில் கையெழுத்துப் போட்டாள். என் பொடி எழுத்தைப் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. நல்லதுதான், நான் இதில் என்னென்னவோ எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்: வடக்கு நாலு. தண்ணீர்: பதின்மூன்று தடவை. கிண்ணம் மூன்று முறை கழுவியது. துணி புதிது.

மொட்டை மாடியில் காய வைத்திருந்த தெற்கு இரண்டைப் பொட்டலம் கட்டினேன். ஒட்டி நம்பர் போட்ட பிறகு பார்த்தால் தாம்பாளத்து ஓரத்தில் ஒரு சிட்டிகை மணல் தங்கியிருந்தது. பொட்டலத்தை மறுபடி பிரிக்கவும் மனசில்லை, வீசவும் மனசு வரவில்லை. ஒரு நாள் முழுக்க இடுப்பொடிய ஆட்டியது. பக்கத்தில் இன்றைய கிண்ணம் இருந்தது, அதில் தட்டிவிட்டேன். சிந்திய பருப்பை அடுத்த உலையில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

சாயங்காலம் அரிசி வடகம் பிழிந்தேன். கோகிலவாணிக்கு ஒரு கிண்ணம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல் இல்லை.

வசந்தாமணி போன் பண்ணினாள். என் ஒரே மகள், நிருவின் அம்மா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. "சாப்டியாம்மா?" என்பாள். "சாப்டேன்" என்பேன். "கால்வலி எப்படி?" "இருக்குது." "சரி, அவகிட்டக் குடு." எப்போதும் இவ்வளவுதான். அவளும் மகளும் அரைமணி நேரம் சிரித்துப் பேசுவது அடுப்படி வரைக்கும் கேட்கும்.

வசந்தாமணி பத்தாம் வகுப்பில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே முதல். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அடுத்த ஆவணியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. பதினாறு முடிந்து இரண்டு மாதம். மண்டபத்தில் வயதுச் சான்று கேட்டார்கள். அவளுடைய அப்பாதான் மணியகாரரிடம் போய், பதினெட்டு முடிந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊர் அதிகாரியான மணியகாரரும் விசாரிக்காமலேயே அடியில் கையெழுத்துப் போட்டார். ஆம்பளை முடிவு பண்ணினால் நான் என்ன செய்ய முடியும். மாப்பிள்ளை நல்லவர், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது.

அவள் அப்பா இறந்து ஒன்பது வருசம் ஆகிறது. ஒரு திதிக்கும் அவள் வந்ததில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கல்: வடக்கு ஆறு. தண்ணீர்: பன்னிரண்டு. அவ்வளவுதான். கைவிரலெல்லாம் ஊறிப்போய்ச் சுண்டைக்காய் வற்றல் மாதிரி இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

பதினாலு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நிரு சென்னை போனாள். அங்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஊசி முனையால் ஜிர்கான் மணிகளைப் பொறுக்கி, பிசினில் பதித்துத் தேய்த்து, லேசரால் சுட்டுப் பார்ப்பார்களாம். நான் இங்கேயே இருக்கிறேன். மிச்சக் கல்லெல்லாம் வீட்டில் இருக்கிறது. கல்லுக்கு நான் காவல்.

மார்ச் 23, ஞாயிறு

ஊருக்குப் போய் அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வந்தேன். பச்சரிசிச் சாதம், வாழைக்காய், பாகற்காய். காக்காய் வந்து எடுத்தது. மகள் வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று பொழுதே வேறு மாதிரி விடிந்தது. ஏழு மணிக்கே நிரு பையோடு வாசலில் நிற்கிறாள். உள்ளே வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"இறக்கி உடு, இடுப்புப் புடிச்சுக்கும்!"

"அம்மாயி, சூடு ஆத்தைத் தாண்டிப்போச்சு!"

வடக்கு நாலில் அறுபது மணிகளைச் சுட்டார்களாம். ஐம்பத்தேழு மணி இருநூற்றைம்பது கோடி. மூன்று மணி மட்டும் ஐம்பத்தைந்து கோடி. வடக்குக் கல்லில் அந்த இளைய வயது இருக்கவே கூடாதாம். இருக்கிறது என்றால் முட்டிய சூடு அதுவரைக்கும் போயிருக்கிறது, அப்போது இத்தனை நாள் எல்லாரும் வரைந்து வைத்திருக்கிற அந்தப் பழைய நிலத்தின் ஓரத்தையே தள்ளி வரைய வேண்டுமாம். அவளுடைய பேராசிரியர் வேதமூர்த்தி சார் மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை ஐதராபாத் மாநாட்டுல நீயே படிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டாராம். இருபதாம் தேதிக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

"நம்ம குடும்பத்துல முதல் தடவையா ஒருத்தர் பேரு உலகத்துக்குத் தெரியப் போகுது அம்மாயி."

கேசரி கிண்டினேன். கோகிலவாணியைக் கூப்பிட்டு, "என் பேத்தி கடல் இருந்த இடத்தையே மாத்திப் போட்டா" என்று சொன்னேன். "அப்ப மீன் மலிவாகுமாங்?" என்றாள் அவள். பொறாமை.

ஏப்ரல் 10, வியாழன்

சாப்பிடும்போது நிரு கேட்டாள். "அம்மாயி, வடக்கு நாலு செஞ்சப்ப கிண்ணமெல்லாம் கழுவினியா?"

"மூணு தடவை கழுவினேன்."

"துணி?"

"புதுத்துணி. நோட்டுல எழுதியிருக்குது பாரு."

"தெரியும், நான்தானே கையெழுத்துப் போட்டேன். சார் கேக்கச் சொன்னார். மூணே மணிதான்ங்கறதால, வேற கல்லோட மணல் கலந்துபோச்சான்னு கேப்பாங்களாம்."

நான் ரசம் ஊற்றினேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தூக்கமில்லை. வடக்கு நாலைப் பற்றி எழுதிய ஆறாம் பக்கத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 12, சனி

மறுபடியும் பார்த்தேன். ஒரு சிட்டிகைதான். சிட்டிகையில் என்ன இருந்துவிடப் போகிறது. உப்பு என்றால் ஒரு சிட்டிகையில் குழம்பே மாறும் என்று எனக்குத் தெரியும். மூன்றே மணி. மூன்று மணிக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

இப்போது யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தை நிரு படித்ததில்லை, இனியும் படிக்கப் போவதில்லை. கிழித்துவிடலாம் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் இருக்கிறது. காப்பியைக் கொட்டிவிட்டால் என்ன என்று டம்ளரைக் கூட எடுத்துவிட்டேன். பிறகு குடித்துவிட்டேன். ஆறிப்போயிருந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய், வேப்பம்பூ, வெல்லம்.

நிரு கம்ப்யூட்டரை மடியில் வைத்து எழுதுகிறாள். எழுத எழுத அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு வசந்தாமணிக்கு இதே முகம். பேப்பரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கோயமுத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்துவிடு அம்மா, நான் காலேஜ் வரைக்கும் படிக்கிறேன் என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சோளம் புடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முகத்தை நான் இன்னொரு தடவை அணைக்க வேண்டுமா? நல்ல நாளும் அதுவுமாக எதற்கு. நாளைக்குப் பார்ப்போம்.

ஏப்ரல் 16, புதன்

நாளைக்கு என்று சொல்லி நேற்றும் போய்விட்டது.

இன்று மத்தியானம் நிரு தான் எழுதியதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்காட்டினாள். கடைசியில் என் பெயரும் வருகிறதாம், கல் அரித்துக் கொடுத்தவர் நா. நாச்சம்மாள் என்று. "நீ அரிக்கலைன்னா இந்த மூணு மணி கிடைச்சிருக்காது அம்மாயி" என்றாள். 

அது நிஜம்தானே. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நோட்டைக் கொண்டுவந்து ஆறாம் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன்.

"படி."

"என்ன அம்மாயி? வடக்கு நாலு, பதின்மூணு தண்ணி..."

"அதுக்குக் கீழ."

படித்தாள். மறுபடி படித்தாள்.  நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"இது எப்ப தெரியும் உனக்கு?"

"எழுதினப்பத் தெரியாது. நீ கேட்டப்ப, ராத்திரி படுத்துட்டு யோசிச்சப்பத் தெரிஞ்சுது."

"ஆறு நாளு!"

"ஆறு நாளு."

எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டினாள், கழற்றினாள். திரும்பி வந்து, "உன்னை நம்பி நான் ஒரு பிடி மண்ணைக் கூடக் குடுத்திருக்கக் கூடாது" என்று கத்தினாள். அழுதாள். இவள் என்னிடம் கத்தியதே இல்லை. வாங்கிக்கொண்டேன். நான் வாங்கிக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட அழுகையெல்லாம் இருக்கிறது, இதையாவது வாங்கிக்கொள்ளலாம்.

இருட்டுகிற நேரத்தில் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆறாம் பக்கத்தின் அடியில் தன் கையெழுத்தைக் காட்டினாள்.

"படிக்காமயே போட்டிருக்கேன் பாரு. பார்த்துட்டேன்னு கையெழுத்து, ஆனா பார்க்கலை. என்ற மேலயும் தப்பு இருக்குது."

"மணியகாரரும் அப்படித்தான் போட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

"எந்த மணியகாரர்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட வா."

ஏப்ரல் 17, வியாழன்

நிரு பேராசிரியருக்குப் போன் பண்ணினாள். நான் அடுப்படியில் கதவோரம் நின்றேன். நோட்டில் இருந்ததை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினாள். பிறகு மாநாட்டுக்கு எழுதியதை அனுப்ப வேண்டாம், மிச்சக் கல்லை மறுபடி அரித்துச் சுட்டுப் பார் என்றாராம். லேசர் மிஷினில் மே மாதம் ஒரு நாள் கேட்டு வாங்கித் தருகிறாராம்.

"திட்டினாரா?"

"இல்ல. அந்த நோட்டைப் பத்திரமா வெச்சுக்க, இப்படி ஒரு நோட்டு என்ற லேப்ல யாருகிட்டயும் இல்லைன்னார்."

ஏப்ரல் 21, திங்கள்

கல்: வடக்கு நாலு, இரண்டாம் தடவை. தண்ணீர்: பதினைந்து. புதுக் கிண்ணம், புதுத் தாம்பாளம், புதுத்துணி. தெற்குக் கல் எதுவும் வீட்டுக்குள் இல்லை, கோகிலவாணி வீட்டில் வைத்திருக்கிறது.

நான் செய்ய மாட்டேன் என்றுதான் சொன்னேன். "வேற ஆளை வெச்சுக்க சாமி. என்ற கை ராசியில்லாத கை."

"நீதான் செய்யோணும். தப்பு நடக்காத கைன்னு ஒண்ணும் கிடையாது அம்மாயி. நடந்ததை எழுதி வெக்கற கை வேணும்."

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு தண்ணீரும். கீழே சிந்தியதை, சிந்தியது என்று எழுதி, வீசிவிட்டேன். வீசும்போது கை கூசியது. நிரு இந்தப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

மே 14, புதன்

சென்னையிலிருந்து நிரு போன். எண்பது மணிகளைச் சுட்டார்களாம். எண்பதும் இருநூற்றைம்பது கோடி. ஒன்று கூட இளையது இல்லை.

"அப்ப சூடு தாண்டலையா?"

"அந்தக் கரடு வரைக்கும் தாண்டலை."

"உன் ஆராய்ச்சி போச்சா கண்ணு?"

"போகலை. ஐதராபாத் போச்சு, அவ்வளவுதான். தாண்டலைங்கறதும் ஒரு பதில்தான் அம்மாயி. சின்னப் பதில். ஆனா நின்னு பேசும்." கொஞ்சம் நிறுத்தி, "ராத்திரி நல்லா தூங்கினேன்" என்றாள்.

கல்லைப் பற்றி நிரு சொன்ன இன்னொன்று நினைவு வருகிறது. சில ஜிர்கான் மணிகளுக்கு உள்ளே ஒரு வயது, மேல்தோலுக்கு ஒரு வயதாம். மேலே வெந்து வெந்து புதுத்தோல் வளர்ந்தாலும் உள்ளே இருக்கிற பழைய வயது அழிவதில்லையாம். அறுத்துத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

வசந்தாமணியின் கல்யாணத்தைப் பற்றி எழுதிய ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

மே 17, சனி

நாளைக்கு வசந்தாமணி வருகிறாள். வீட்டைக் காலி பண்ண உதவி செய்ய நிரு கூப்பிட்டிருக்கிறாள்.

இன்று எழுதிவிடுகிறேன். கிழித்துப் போட முடியாத நோட்டில் எழுதிய பொய் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. மணியகாரரிடம் போனது என் வீட்டுக்காரர் இல்லை. அவர் வேண்டாம் என்றார். "புள்ளை படிக்கட்டும், ரெண்டு வருசம் போகட்டும்" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நல்ல இடம் கைநழுவிப் போய்விடும் என்ற பயம். அவர் காட்டில் இருந்த நேரத்தில் நான் போய், என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது என்று என் கையால் எழுதி, கலெக்டர் மாதிரி கையெழுத்துப் போட்டேன். அந்த ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து நான் செய்த பெரிய காரியம் அதுதான். மகள் அழுதபோது, "உங்கப்பன் முடிவு பண்ணிப்போட்டாரு" என்றேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.  கடைசி வரைக்கும் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் "அவளுடைய அப்பாதான்" என்று இருக்கிற இடத்தை ஒரே கோடு போட்டு அடித்தேன். அடியில் இருப்பது படிக்கத் தெரிகிறது. பக்கத்தில் "நான்" என்று எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மே 18, ஞாயிறு

வசந்தாமணி பத்து மணி பஸ்ஸுக்கு வந்தாள். தலைமுடி காதோரம் நரைத்துவிட்டது. வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரத்தைக் கட்ட ஆரம்பித்தாள். அட்டைப் பெட்டியில் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த நிரு, "அம்மா, இதுதான் அந்த வடக்கு நாலு, என்னை ஐதராபாத் போக உடாத கல்லு" என்று காட்டினாள். இருவரும் சிரித்தார்கள்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து மகள் முன்னால் நின்றேன்.  ஒன்பதாம் பக்கத்தை நீட்டினேன்.

"கண்ணாடியை எடுடி" என்று வசந்தாமணி நிருவிடம் சொல்லி வாங்கி மாட்டிக்கொண்டு படித்தாள். பிறகு நேற்று எழுதிய பக்கத்தையும் படித்தாள். நிரு எட்டிப் பார்த்து, படிக்கப் படிக்கக் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டாள்.

வசந்தாமணி கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்பா கைநாட்டுன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

கண்ணாடியை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"கல்யாணம் ஆன மூணாம் வருசம் ரேஷன் கார்டுக்குப் போனப்ப அந்தக் கடுதாசியை ஆபீஸ்ல காட்டினாங்க. கீழ கையெழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்துல இருந்து கோடு இத்தனை நீளத்துக்குப் போகுது. ஊருலயே அப்படி ஒருத்தர்தான் போடுவாங்க."

"அப்பறம் ஏன்டி ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அப்பா போனதுக்கப்பறமாச்சும் சொல்லுவேன்னு இருந்தேன். நீ அந்தப் பொய்யைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அவருக்குப் படையல் போடுவே, அதைப் பார்த்துக்கிட்டு நான் நிக்கோணுமா? அதான் திதிக்கு வரலை. அவரு மேல எனக்கு என்ன கோபம்? என்னைப் படிக்க வெக்கறேன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான்."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் நாற்காலியெல்லாம் கட்டியாகிவிட்டது. வசந்தாமணியும் எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று நானும் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "வீங்கியிருக்குது. டாக்டர்கிட்டப் போனியா, இல்ல அதுலயும் பொய்யா?" என்றாள்.

"போகலை."

"அதானே பார்த்தேன்."

பிறகு நிருவைப் பார்த்து, "இந்தக் கோடு போட்டு அடிச்சது செல்லுமாடி?" என்று கேட்டாள்.

"இன்னொருத்தர் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாச் செல்லும்மா."

"நீ போடு."

"நான் போடக் கூடாது. விசயம் தெரிஞ்சவங்க போடோணும்."

வசந்தாமணி கண்ணாடியை மறுபடி மாட்டினாள். பேனாவை வாங்கினாள். இன்னொரு தடவை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். தேதி போட்டாள். என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.

கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை வலது பக்கமாக நீட்டி இழுத்துவிட்டாள்.